நாற்றுப் பச்சைக் கார்

காற்றை எதிரியாக நினைத்து வாழ்ந்த ஒரே மனிதர் இந்த உலகத்தில் தஞ்சாவூர் கீழவாசலில்தான் கடை வைத்திருந்தார். மற்றவர்களுக்குக் காற்று என்றால் மூச்சு, தென்றல், மின்விசிறி. அவருக்குக் காற்று என்றால், ஸ்டிக்கருக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிற ஒரு சனியன்.

அவருடைய நிஜப் பெயர் எனக்குச் சத்தியமாகத் தெரியாது. கடைப் பலகையில் ஒரு பெயர் இருந்தது. அது அவருக்கு முன்னால் அதே இடத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவருடையது. ஊரே அவரைக் கொப்புளம் என்றுதான் கூப்பிட்டது. பைக் டேங்க், கார் கதவு, டிராக்டர் மட்கார்டு, அறுவடை மிஷினின் நெற்றி என்று எது வந்தாலும் வண்ண வினைல் தாள் ஒட்டிப் புதுசாக்கித் தருவது அவர் தொழில். ஒட்டிய தாளுக்கு அடியில் காற்று மாட்டிக்கொண்டு கொப்புளமாக எழும்பிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

அந்தக் கடைக்கு நேர் மேலே, மாடியில், வண்டிகளுக்கு இன்சூரன்ஸ் போடும் அலுவலகம் ஒன்றில் நான் வேலை பார்த்தேன். "கீழே மேக்கப்பு, மேலே ஜாதகம்" என்பார் எதிர் டீக்கடை பாய். கொப்புளம் என்னை மேடம் என்பார், நான் அவரை அண்ணே என்பேன். மேடம் என்று அவர் கூப்பிடும்போது ஏதாவது வம்பு வரப்போகிறது என்று அர்த்தம்.

ஒரு கல்யாணப் பந்தியில் அவருக்குப் பக்கத்தில் உட்காரும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அப்பளம் பரிமாறினார்கள். எல்லோரும் சாம்பாரைப் பிசைந்துகொண்டிருக்க, இவர் மட்டும் தன் அப்பளத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து குண்டூசியை எடுத்து, அப்பளத்தின் மேலிருந்த ஒவ்வொரு கொப்புளமாகக் குத்தினார். தன்னுடையதை முடித்துவிட்டு அடுத்த இலைக்காரரின் அப்பளத்துக்குக் கை நீட்டினார்.

"என்னங்க பண்றீங்க?" என்று பதறினார் அந்த மனிதர். மாப்பிள்ளைக்குச் சித்தப்பா முறை.

"உள்ள காத்துங்க. இப்பவே எடுத்துட்டா நல்லது. விட்டா பரவிடும்."

ஹோட்டலுக்குப் போனால் இன்னும் மோசம். உப்பலாக வந்த பூரியை, தொழிலுக்கு வைத்திருக்கும் பிளாஸ்டிக் அட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துத் தேய்த்துச் சப்பாத்தியாக்கிவிட்டுத்தான் சாப்பிடுவார். "உப்புனாதானண்ணே பூரி" என்று சர்வர் சொன்னதற்கு, "அது வேலை தெரியாதவங்க சொல்றது" என்று பதில் வந்தது.

குத்தாலத்தில் அவருடைய தாய்மாமா இறந்துபோனபோது நடந்ததைச் சொல்லலாமா கூடாதா என்று யோசிக்கிறேன். சொல்லிவிடுகிறேன். மாமாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் பக்கவாட்டில், வாடகைக்கு விட்டவரின் கடை விளம்பரம் ஒட்டியிருந்தது. ஒட்டியவன் கைநாட்டு. கட்டைவிரல் தடிமனுக்குக் கொப்புளம். இவர் மாலையைப் போட்டுவிட்டுப் பெட்டி ஓரமாக உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. பெட்டியைத் தடவித் தடவி, தடவித் தடவி, விரல் சிவக்கும்வரை தடவிக்கொண்டிருந்தார். "மாமன் மேல இவ்வளவு பாசமா வச்சிருந்தான்!" என்று அத்தை அதைப் பார்த்துத்தான் மறுபடியும் ஓவென்று அழுதாராம். "பாசமும் இருந்துச்சு மேடம், இல்லேங்கல" என்றார் திரும்பி வந்து.

இன்னொரு தடவை, தேர்தல் சமயம். ஒரு வேட்பாளரின் பிரசார வேனுக்குப் படம் ஒட்டிக் கொடுத்திருந்தார். வேன் ஊர்வலமாகக் கிளம்பிப் போனபிறகுதான், படத்தில் இருந்த வேட்பாளரின் இடது கன்னத்தில் ஒரு கொப்புளம் இருப்பது இவர் கண்ணில் பட்டது. கையில் பிளேடோடு வேனைத் துரத்திக்கொண்டு ஓடினார். பிளேடோடு ஒருவன் ஓடி வருவதைக் கூட இருந்தவர்கள் எப்படிப் புரிந்துகொள்வார்கள்? அமுக்கிப் பிடித்துத் தரையில் உட்கார வைத்துவிட்டார்கள். "யாரு அனுப்புனா சொல்லு!" என்று ஒருவர் சட்டையைப் பிடித்து உலுக்க, இவர் "அண்ணன் கன்னத்துல காத்துங்க, அண்ணன் கன்னத்துல காத்து!" என்று கதறினார். கடைசியில் வேட்பாளரே இறங்கி வந்து படத்தைப் பார்த்தார். "எடுத்து விட்டுட்டுப் போகச் சொல்லுங்கப்பா. அசிங்கமாத்தான் இருக்கு" என்றார்.

இப்படிப்பட்ட கொப்புளத்துக்கு ஒரு மனைவி இருந்தார். இருந்தார் என்றால், மஸ்கட்டில் இருந்தார்.

கோமதி நர்ஸ். பேராவூரணியில் தென்னந்தோப்புக்கு நடுவே பிறந்து வளர்ந்தவர். கல்யாணமாகித் தஞ்சாவூர் வந்த புதிதில், இவருடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து அம்மாப்பேட்டை ரோட்டில் வயல் பார்க்கப் போவதுதான் அவருக்குச் சினிமா, பீச், எல்லாமே. பிறகு மஸ்கட் வேலை வந்தது. பேராவூரணியில் அப்பா கொடுத்த மனையில் வீடு ஒன்றைக் கட்டிக்கொள்ளலாம் என்று போனார். தளம் போட்டதும் வந்துவிடுவேன் என்றார். தளம் போட்டாயிற்று. பூச்சு வேலை முடியட்டும் என்றார். வீடு வளர வளர கோமதி வருவது தள்ளிக்கொண்டே போனது.

"எனக்கு வீடே வேணாம் மேடம்" என்று ஒருநாள் சொன்னார் கொப்புளம். கடையில் இரண்டு ஸ்டூல்கள் உண்டு. ஒன்றில் அவர் உட்கார்ந்திருந்தார். "இந்த ஸ்டூல் போதும். எதிர்ல அந்த ஸ்டூல்ல அவ உக்காந்திருக்கணும். அவ்வளவுதான்."

அந்த எதிர் ஸ்டூலில் வாடிக்கையாளர் யாரையும் அவர் உட்கார விட்டதில்லை. நான் அதுவரை ஸ்டூல் கால் உடைந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தினமும் மத்தியானம் கோமதியிடமிருந்து வீடியோ கால் வரும். "சாப்பிட்டீங்களா?" என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, "வயல் எப்படி இருக்கு? காட்டுங்க." கீழவாசலில் ஏது வயல்? மனிதர் கடையைப் பாதியில் போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அம்மாப்பேட்டை ரோட்டுக்கு ஓடுவார். வரப்பில் நின்று போனை நீட்டிக்கொண்டு, மனைவி முகத்தைக்கூடப் பார்க்காமல் வயலைக் காட்டிக்கொண்டிருப்பார். "அங்க அவ கண்ணுக்குப் பச்சையே தட்டுப்படல மேடம். எங்க பாத்தாலும் மண்ணு நெறம்தான். பாவம்."

அந்த கோமதிதான், ஊருக்கு வந்த தோழி ஒருத்தி மூலம் ஒரு பெட்டியைக் கொடுத்தனுப்பினார். உள்ளே ரிமோட் கார். சின்ன வயதில் அது கேட்டு அழுது அடி வாங்கிய கதையை இவர் என்றைக்கோ சொல்லியிருந்தாராம், அந்த அம்மாள் ஞாபகம் வைத்திருந்தார். சாதாரணப் பொம்மைக் கார் இல்லை, பந்தயத்துக்கு விடுகிற ரகம். சக்கரமும் மோட்டாரும் தனி. மேலே கவிழ்க்கிற கூடு தனி. அந்தக் கூடு வெறும் கண்ணாடி மாதிரி, நிறமில்லாமல், மொட்டையாக இருந்தது.

"உங்களுக்குப் புடிச்ச மாதிரி நீங்களே ஒட்டிக்கிங்க" என்று சொல்லிவிட்டு, கூடவே இன்னொரு செய்தியும் சொன்னார் கோமதி. லீவு கிடைத்துவிட்டது. தீபாவளி முடிந்து வருகிறார்.

கொப்புளம் மாடிப்படி ஏறி ஓடிவந்தார். அன்றுவரை அவர் மாடிக்கு வந்ததே இல்லை.

"மேடம், திருச்சி ஏர்போர்ட்டுல அவ வெளிய வர்றா. நான் கிட்ட போகமாட்டேன். கார்தான் போகும். மேல ஒரு முழம் மல்லிப்பூ. நேரா அவ கால்கிட்ட போய் நிக்கும். என்ன கலர் தெரியுமா? நாத்துப் பச்சை! ஊர்ல கால் வச்சதும் அவ மொதல்ல பாக்கறது வயலா இருக்கணும். அதப் பாத்தா அவளுக்குத் திரும்பிப் போக மனசு வராது. வருமா? சொல்லுங்க, வருமா?"

வராது அண்ணே என்றேன். வேறு என்ன சொல்வது?

நாற்றுப் பச்சையில் வினைல் தாள் எந்தக் கம்பெனியும் செய்வதில்லை. கிளிப் பச்சை இருக்கிறது, பாசிப் பச்சை இருக்கிறது, மிலிட்டரிப் பச்சை இருக்கிறது. கொப்புளம் ஊரிலுள்ள பச்சைகளையெல்லாம் துண்டு துண்டாக வாங்கிக் கடை வாசலில் கயிற்றில் தொங்கவிட்டார். அது பெரிய தப்பாகிவிட்டது. இது டெல்டா. இங்கே பச்சையைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத மனிதரே கிடையாது. டிராக்டருக்குப் பெயர் ஒட்ட வந்தவர்கள் வேலையை மறந்து கயிற்றுக்குக் கீழே நின்று சண்டை போட்டார்கள்.

"இது நாத்து இல்லய்யா. நட்டு வேர் புடிச்ச பயிரு."

"எது? இதா? யூரியாவ அள்ளிக் கொட்டுனா இப்படித்தான் கருக்கும். நாத்து இப்படியா இருக்கும்?"

"கடைசித் துண்டு சரியா வரும்போலருக்கே."

"அது பூச்சி உளுந்த பச்சை. உங்க வயலப் பாத்துப் பாத்து உங்களுக்கு அதான் பச்சைன்னு ஆயிருச்சு."

கடைசியாகச் சொன்னவருக்கும் அதற்கு முன் சொன்னவருக்கும் கைகலப்பு ஆகாத குறை. பாய் டீ கொடுத்துப் பிரித்துவிட்டார். கொப்புளம் கவலைப்படவில்லை. துண்டுகளை எடுத்துக்கொண்டுபோய் நாற்றங்கால் ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக நாற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வயல்காரர் அவரைப் பூச்சிமருந்துக் கம்பெனி ஆள் என்று நினைத்து, மருந்து வேலை செய்யவில்லை என்று அரை மணி நேரம் திட்டினாராம். திட்டு வாங்கிக்கொண்டே பச்சையைக் கண்டுபிடித்துவிட்டார். கிளிப் பச்சைக்கு மேலே மெல்லிய மஞ்சள் படலம். நாற்றேதான். கயிற்றடியில் சண்டை போட்ட இரண்டு பேரும் வந்து பார்த்து, ஒரே மாதிரி தலையாட்டினார்கள்.

பிறகுதான் அந்தத் துக்கம் நடந்தது. இவ்வளவு வருடமாக இரும்பில் ஒட்டிப் பழகிய கை. வளைவில் தாள் படியவில்லை என்றால் ஹீட் கன்னை எடுத்து அனல் அடிப்பார், தாள் இளகிப் படிந்துவிடும். அதே பழக்கத்தில் காரின் கூட்டுக்கும் அடித்தார். டிராக்டர் தாங்குகிற அனலை மெல்லிசு பிளாஸ்டிக் தாங்குமா? விறைப்பாக இருந்த கூடு கண் முன்னாலேயே முறுக்கிக்கொண்டு, சுருங்கி, நெத்திலிக் கருவாடு மாதிரி ஆகிவிட்டது.

நான் கீழே இறங்கிப் போனபோது அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமா சாவுக்கு அழாதவர் அன்றைக்கு அழுதார்.

"அவ அவ்வளவு தூரத்துலேருந்து குடுத்தனுப்புனது மேடம். வந்து கேப்பாளே."

போனில் எனக்கு அதே கூடு கிடைத்துவிட்டது. ஆர்டர் போட்டேன். "பழசைப் பத்தி அவகிட்ட மூச்சு விடாதீங்க" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். புதுக்கூடு வருகிற வரைக்கும், வீடியோ காலில் கார் எங்கே என்று கோமதி கேட்கும்போதெல்லாம் இவருக்கு நெட்வொர்க் போய்விடும்.

ஆனால் புதுக்கூட்டைத் தொட மனிதருக்குக் கை வரவில்லை. முதலில் பழக வேண்டும் என்றார். அனல் இல்லாமல், சோப்புத் தண்ணீர் தெளித்து, வளைந்த பொருளில் தாளை இழுத்து ஒட்டப் பழக வேண்டும். வளைந்த பொருளுக்கு எங்கே போவது? பேராவூரணி மாமனார் மூட்டை மூட்டையாகத் தேங்காய் அனுப்புவார். அதை வழவழவென்று சீவி வைத்துக்கொண்டு ஒட்ட ஆரம்பித்தார். சிவப்புத் தேங்காய், வெள்ளித் தேங்காய், பந்தயக் கார் மாதிரி கோடு போட்ட தேங்காய். தேங்காய் தீர்ந்ததும் கத்தரிக்காய், சுரைக்காய். கடை வாசலில் பச்சைத் துண்டுகள் தொங்கிய கயிற்றில் இப்போது கறுப்பு நிறச் சுரைக்காய் தொங்கியது. ஒட்டிய தேங்காய்களை யாருக்காவது கொடுத்துத்தானே ஆகவேண்டும்? கோயிலுக்குப் போகிற வழியில் ஒன்றைக் கேட்டு வாங்கிப்போன ஒருவரிடம், "இதுக்கு எந்தப் பக்கம் குடுமி?" என்று குருக்கள் கேட்டாராம். எனக்கும் ஒரு வெள்ளித் தேங்காய் வந்தது. சட்னிக்கு உடைக்கத்தான் செய்தேன், ஆனால் உடைப்பதற்கு முன் ஷோகேஸில் கொஞ்ச நாள் வைத்திருந்தேன்.

கடைசியில் ஒருநாள் கடைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தார். வேடிக்கை பார்க்க எனக்கும் பாய்க்கும் மட்டும் அனுமதி. மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். தாளை நடுவில் வைத்து ஓரத்துக்குத் தேய்த்துக்கொண்டே போனார். சக்கரத்துக்கு மேல் வருகிற வளைவில் தாள் மடிகிற இடத்தில் பிளேடால் ஒரு கீறல், கையாலேயே ஒரு இழுப்பு. ஒட்டும்போது மூச்சை அடக்கிக்கொண்டார். தன் மூச்சுக் காற்று உள்ளே போய்விடக் கூடாதாம். பாய்க்குத் தும்மல் வந்துவிட்டது, வெளியே ஓடிப்போய்த் தும்மிவிட்டு வந்தார்.

முடிந்தபோது அது கார் மாதிரியே இல்லை. நாற்றங்காலிலிருந்து ஒரு பாத்தியைப் பெயர்த்துக் கொண்டுவந்து நாலு சக்கரத்தின் மேல் வைத்த மாதிரி இருந்தது. பின்பக்கக் கண்ணாடி மட்டும் வெறுமையாக இருந்தது.

"பின்னால பேரு ஒட்டலையா அண்ணே?" என்றேன். சாமி பேரோ பிள்ளை பேரோ இல்லாமல் எங்கள் பக்கத்தில் எந்த வண்டியும் ரோட்டுக்கு வராது.

"வெட்டி வச்சிருக்கேன். அவ வந்து ஒட்டுவா" என்றார். காட்டினார். மஞ்சள் எழுத்தில் 'கோமதி துணை' என்று இருந்தது.

திருச்சி ஏர்போர்ட்டுக்கு நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். மல்லிப்பூவைக் காரில் சுற்றும் பொறுப்பு என்னுடையது. பாய் பிளாஸ்கில் டீ கொடுத்தனுப்பியிருந்தார். வெளியே வருகிற கூட்டத்தில் தூரத்தில் ஒரு நீலப் புடவை தெரிந்ததும், "அவதான்!" என்று கொப்புளம் ரிமோட்டைத் திருகினார். கார் கம்பித் தடுப்புக்கு அடியில் புகுந்து பாய்ந்து போனது. நேராகப் போய் நீலப் புடவையின் காலடியில் நின்றது. அது கோமதி இல்லை. யாரோ ஒரு பாட்டியம்மாள். அவர் போட்ட கூச்சலில் மூன்று டிராலிகள் ஒன்றின் மேல் ஒன்று மோதின. செக்யூரிட்டி விசிலடித்துக்கொண்டு வந்து, ஒருவர் காரைப் பிடிக்க, ஒருவர் இவரைப் பிடித்தார்.

"என்னய்யா இது? உள்ள என்ன வச்சிருக்க?"

"ஒண்ணும் இல்ல சார். காத்துகூட இல்ல சார். நீங்களே தடவிப் பாருங்க சார்!"

அந்த நேரத்தில்தான் கோமதி வெளியே வந்தார். இவ்வளவு காலம் கழித்து அவர் முதலில் பார்த்தது வயலை இல்லை. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிற புருஷனை. அவர் கொஞ்சமும் பதறவில்லை. பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு நேராகப் போனார்.

"அவர விட்ருங்க சார். அவரு இப்படித்தான்."

பிறகு செக்யூரிட்டியின் கையிலிருந்த காரை வாங்கிப் பார்த்தார். விரலால் மெதுவாகத் தடவினார். "நாத்து" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். கொப்புளம் என்னைப் பார்த்தார். பாத்தீங்களா மேடம், இனிமே போகமாட்டா என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

மறுநாள் கடையில் எதிர் ஸ்டூலில் கோமதி உட்கார்ந்து, மடியில் காரை வைத்துக்கொண்டு, பேரை ஒட்டினார். மஸ்கட் கதை சொல்லிச் சிரித்துக்கொண்டே ஒட்டினார். நோயாளி கையில் பிளாஸ்திரி போடுகிற மாதிரி படக்கென்று வைத்து, மேலே நாலு தட்டுத் தட்டினார். ஓரங்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டன. நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கொப்புளம்.

எதிர்க் கடையில் பாய் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நல்லா ஒட்டியிருக்கேனாங்க?"

கொப்புளத்தின் கை சட்டைப் பைக்குப் போனது. குண்டூசி இருக்கிற பை. போன கை வெறுங்கையாகத் திரும்பி வந்தது.

"பிரமாதம்" என்றார்.

கோமதி திரும்பிப் போய்விட்டார். அறுவடைக்குக்கூட இருக்கவில்லை. பூச்சு முடிந்துவிட்டது, இனி டைல்ஸ் மட்டும்தான், அது முடிந்ததும் ஒரேயடியாக வந்துவிடுகிறேன் என்றாராம். ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்தவர், ஒன்றும் நடக்காத மாதிரி ஒரு பைக்குக்கு ஒட்ட உட்கார்ந்தார். ஒரே டேங்கை மூன்று தடவை பிரித்து ஒட்டினார்.

சில நாள் கழித்துக் கடைக்குள் போனேன். மேல் அலமாரியில் கார் இருந்தது. மேலே ஒரு துண்டு போர்த்தியிருந்தது. துண்டை விலக்கிப் பார்த்தால் கொப்புளம் அப்படியே இருக்கிறது. இத்தனை நாள் இவரோடு பழகிய தோஷம், என் கை தானாகப் புடவையில் குத்தியிருந்த ஊசிக்குப் போனது.

"மேடம்!" என்று பாய்ந்து வந்து என் கையைப் பிடித்துவிட்டார். அவர் அப்படிச் செய்கிறவரே இல்லை. பிடித்த பிறகு அவருக்கே கூச்சமாகிவிட்டது. "அதத் தொடாதீங்க. அது அவ ஒட்டுனது. பேசிக்கிட்டே ஒட்டுனா. அன்னிக்கு இங்க இருந்த காத்து மேடம் அது."

துண்டு எதற்கு என்று கேட்டேன்.

"வெயில் பட்டா இந்தத் தாள்ல கொப்புளம் தானா அடங்கிரும். அதான் நெழல்ல வச்சிருக்கேன்."

நான் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறேன். மாற்றலாகி வந்துவிட்டேன். இங்கே குளிர்ச்சி உண்டு, நல்ல தண்ணீர் உண்டு. என் அப்பளத்தைக் குத்துவதற்கு ஆள் இல்லை. பந்தியில் உட்காரும்போதெல்லாம் பக்கத்து இலையைப் பார்க்கிறேன், யாரோ ஒருவர் சாதாரணமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். எனக்குத் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறிவிட வேண்டும் போல இருக்கும்.

போன வாரம் மனது கேட்காமல் போன் போட்டேன். தொழில், பாய், மழை எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் கேட்டேன்.

"கொப்புளம் எப்படி இருக்கு அண்ணே?"

அந்தப் பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறுகிற சத்தம் கேட்டது.

"இருக்கு மேடம். கொஞ்சம் சின்னதாயிருக்கு. டைல்ஸ் முடிஞ்சிருச்சு, பெயின்ட்தான் பாக்கி. அது அடங்கறதுக்குள்ள வந்துருவா."

தஞ்சாவூர் வெயிலே, உனக்குப் புண்ணியமாகப் போகட்டும், அந்தக் கடைப் பக்கம் மட்டும் கொஞ்சம் தள்ளி அடி.